எது பாவம்? எது வெறும் பழக்கம்?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு சேரியில் இளைஞர்களோடு உட்கார்ந்து யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை வாசித்தோம். கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணைச் சந்திக்கும் கதை. வாசித்து முடித்ததும், "இதைப் பற்றிக் கோயிலில் பிரசங்கம் கேட்டிருப்பீர்களே, என்ன சொன்னார்கள்?" என்று கேட்டோம். கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே பதில்: "அஞ்சு புருஷன் வச்சிருந்த பொம்பள. பாவி. இயேசு மன்னிச்சாரு." பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் மட்டும் பைபிளைத் திரும்பப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மன்னிச்சாருன்னு இதுல எங்கயுமே எழுதலையே. தண்ணி குடுன்னுதான கேக்குறாரு?"

அவள் சொன்னதுதான் சரி. அந்த அதிகாரத்தில் இயேசு அந்தப் பெண்ணைப் பாவி என்று சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை, இனி அப்படிச் செய்யாதே என்று எச்சரிக்கவும் இல்லை. மணவிலக்கு ஆணின் கையில் இருந்த சமூகம் அது. ஒரு பெண்ணுக்கு ஐந்து கணவர்கள் என்றால் அவள் ஐந்து முறை கைவிடப்பட்டிருக்கலாம், விதவையாகியிருக்கலாம். ஆனால் கதை வேறொன்றை வெளிப்படையாகவே சொல்கிறது: யூதர்கள் சமாரியர்களோடு புழங்கமாட்டார்கள். அவர்களுடைய பாத்திரத்தில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது தீட்டு. அந்தத் தீட்டை உடைத்துத்தான் இயேசு தண்ணீர் கேட்கிறார். இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியதும் இதே கேள்விக்காகத்தான்.

ஒரே கதையில் பாலியலும் இருக்கிறது, தீண்டாமையும் இருக்கிறது. பிரசங்க மேடை முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டது ஏன்? இது ஒரு போதகரின் குறை அல்ல. பெண்ணின் உடல் சம்பந்தப்பட்டதெல்லாம் 'பாவம்', சாதி மட்டும் 'ஊர்ப் பழக்கம்' என்று நம் மண்ணில் திருச்சபை பிரித்துக்கொண்டதற்கு நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இங்கே திரும்பிப் பார்க்கிறோம்.

பூணூலில் தொடங்கியது

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, பிராமணர்களை மதம் மாற்றுவதற்காகத் துறவிக் கோலம் பூண்டார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை மதச் சின்னங்கள் அல்ல, சமூக அடையாளங்கள் மட்டுமே. ஆகவே மதம் மாறியவர்கள் அவற்றைத் தொடரலாம் என்று வாதிட்டார். சக பாதிரிகளே எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரி வரை போயிற்று. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாக ஆணை தந்தார். 'சாதி சமூக வழக்கம், விசுவாசத்துக்கு முரண் அல்ல' என்ற வாதத்துக்குக் கிடைத்த பெரிய முத்திரை அது. பிறகு மதுரை மிஷனில் உயர்சாதியினருக்குத் தனிக் குருக்கள், மற்றவர்களுக்குப் 'பண்டார சுவாமிகள்' என்று ஊழியமே இரண்டாகப் பிரிந்தது.

சீர்திருத்த சபைகள் இதைவிட மேலா? 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனின் கதையைப் பார்ப்போம். அங்கே கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்து இடம் பிரிக்கப்பட்டது. 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன், வேளாளர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். பறையர் சமூகத்தில் பிறந்து தஞ்சைப் படையில் பணியாற்றியவர். சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்து லூத்தரன் சபைக்கு வந்தவர். பல ஊர்களில் சபைகள் உருவாக உழைத்தவர். அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவே இல்லை. அவருடைய ஒழுக்கத்தையோ கல்வியையோ யாரும் குறை சொல்லவில்லை. அவர் கையால் கொடுக்கும் திருவிருந்தை உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் மதிக்கமாட்டார்கள் என்பதே மிஷனரிகளின் தயக்கம்.

அதாவது, ஒரு மனிதனின் கையைத் தீட்டு என்று நினைத்தவர்களைச் சபை திருத்தவில்லை. அந்தக் கையைத்தான் விலக்கி வைத்தது.

கோகிலாவுக்கு மட்டும் ஏன் கடுமை?

அதே லூத்தரன் மரபில் வந்தவர் சுவார்ட்ஸ் ஐயர். தஞ்சையில் அவரிடம் ஞானஸ்நானம் கேட்டு வந்தார் கோகிலா என்ற பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரியோடு அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். முறையாகத் திருமணம் ஆகாத உறவு என்று சொல்லி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. பெயர் குளோரிந்தா. 1785இல் அங்கே அவர் கட்டிய கோயிலைப் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்றுதான் மக்கள் சொன்னார்கள். நெல்லைத் திருச்சபையின் வரலாறு அந்தப் பெண்ணிலிருந்துதான் எழுதப்படுகிறது.

விதவை மறுமணத்தை அவர் பிறந்த சாதி ஏற்காது. அவரோடு வாழ்ந்த ஆணுக்கோ பிறப்பிலேயே ஞானஸ்நானம் உண்டு. தண்டனை யாருக்கு? காத்திருந்தது அந்தப் பெண்தான். ஆனால் சுவார்ட்ஸின் தஞ்சைச் சபையில் சாதிவாரி இருக்கை தொடர்ந்தது. அங்கே தனித்தனியாக உட்கார்ந்த ஆண்கள் யாரிடமும், 'சாதியை விட்டுவிட்டு வா, பிறகு ஞானஸ்நானம்' என்று சொல்லப்படவில்லை. ஒரு பெண்ணின் படுக்கை ஞானஸ்நானத்துக்குத் தடையாக இருந்தது. ஓர் ஆணின் சாதி தடையாக இருக்கவில்லை. குளோரிந்தா பிராமணப் பெண்தான். ஆனால் இந்த அளவுகோல் பின்னாளில் அதிகமாக அழுத்தியது யாரை என்பது நமக்குத் தெரியும்.

சபைகளுக்குள் எதிர்ப்பே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் சாதி வேறுபாட்டுக்கு ஆதரவாகவே எழுதினார். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், யார் சமைத்த உணவையும் சாப்பிட மறுப்பவர் சாதியைக் கைவிட்டவராகக் கருதப்படமாட்டார் என்று முடிவு செய்தார்கள். லைப்சிக் மிஷனின் கார்ல் கிரவுல் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. சாதி சிவில் விவகாரம் என்ற பழைய வாதத்தையே திரும்ப வைத்தார்கள்.

கண்டிப்பானவர்கள்கூட வைத்த சோதனை சமபந்திதான் என்பதைக் கவனியுங்கள். சாதி உயிர்வாழும் இடம் சமையலறை மட்டுமா?

குப்பாயமும் ஒரு திருமணமும்

தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. மிஷன் பள்ளிகளில் படித்த நாடார் பெண்கள் குப்பாயமும் தோள்சீலையும் அணியத் தொடங்கியபோது கலவரம் வெடித்தது. 1829 பிப்ரவரி 3 அன்று வந்த அரசாணை, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம், உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது என்றது. ஊழியத்திலிருந்தும் விலக்கில்லை, ஞாயிறு தவிர. இன்று சபைகளில் இறைப்பணியைக் குறிக்கும் 'ஊழியம்' என்ற சொல்லுக்கு அந்த மண்ணில் கூலியில்லாத கட்டாய வேலை என்று பொருள். 1858, 59இல் மறுபடியும் கலவரம். சந்தைகளில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. கோயில்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று வந்த ஆணை எல்லா நாடார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்றது. அப்போதும் 'உயர்சாதிப் பெண்களைப் போல அல்லாமல்' என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது.

மிஷனரிகள் இதை 'நாணம்' என்ற கண்ணில் பார்த்தார்கள். திறந்த மார்பு ஒழுக்கக்கேடு, மூடிய மார்பு கிறிஸ்தவ அடக்கம். பெண்கள் வேறு ஒன்றைக் கேட்டார்கள். வெறும் குப்பாயத்தோடு அவர்கள் திருப்தி அடையாமல் தோள்சீலையும் கேட்டதே அதற்குச் சாட்சி. நாணம்தான் பிரச்சினை என்றால் குப்பாயமே போதும். அவர்கள் கேட்டது சமத்துவம். அந்த 1859 ஆணையிலும் புலையர், பறையர் பெண்களின் பெயர் இல்லை. 1915இல் கொல்லத்தில் அய்யன்காளி முன்னிலையில் புலையர் பெண்கள் அடிமை அடையாளமான கல்மாலையை அறுத்தெறியும் வரை அந்தப் போராட்டம் நீண்டது.

இந்தப் போராட்டத்தில் பெண்களுக்காக நின்ற மிஷனரிகளில் ஒருவர் சார்லஸ் மீட். லண்டன் மிஷனுக்காக 1818 முதல் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் உழைத்தவர். மனைவி இறந்த பிறகு, 1850களின் தொடக்கத்தில், லோயிஸ் பிடல்ஃப் என்ற பறையர் சமூகக் கிறிஸ்தவப் பெண்ணைத் திருமணம் செய்தார். முறையான கிறிஸ்தவத் திருமணம். எந்தக் கட்டளையையும் மீறவில்லை. சக மிஷனரிகள் கொந்தளித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மனிதர் மிஷனை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் அவரைப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக ஏற்றுக்கொண்டது திருவிதாங்கூர் அரசு.

குளோரிந்தாவிடம் 'திருமணம் இல்லை, அதனால் பாவம்' என்றார்கள். லோயிஸ் விஷயத்தில் திருமணம் நடந்தது, அதுவே குற்றமாயிற்று. அப்படியானால் காக்கப்பட்டது என்ன? திருமணத்தின் புனிதமா, நிறமும் சாதியும் கலக்கக்கூடாது என்ற எல்லையா?

சட்டமும் அதே தராசு

1858இல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் இந்தியாவின் தொன்மையான பழக்கவழக்கங்களுக்கு உரிய மதிப்பு தரப்படும் என்றது. இரண்டே ஆண்டுகளில், 1860இல், இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கியது. அதற்குப் பின்னால் இருந்தது ஐரோப்பியக் கிறிஸ்தவ ஒழுக்கம். இருவர் மனமொத்து வாழ்ந்தது சிறைக்குரிய குற்றம். சேரிப் பெண்ணைக் கிணற்றிலிருந்து விரட்டுவது பழக்கவழக்கம். தீண்டாமையை ஒழிக்க 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவும், அதைத் தண்டிக்க 1955இல் தனிச் சட்டமும் வர வேண்டியிருந்தது. 377இன் கீழ் மனமொத்த உறவைக் குற்றமாகக் கருதக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 செப்டம்பர் 6 வரை காத்திருந்தோம்.

சாதி எங்கே உயிர்வாழ்கிறது என்பதை அண்ணல் 1916லேயே, கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் சொல்லிவிட்டார்: அகமணத்தில். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் பெண்ணின் உடலைக் கட்டுப்படுத்தி அகமணத்தைக் காக்கும் ஏற்பாடுகள் என்று விளக்கினார். பாலியல் ஒழுக்கமும் சாதியும் இரண்டு தனிப் பாடங்கள் அல்ல என்பது இதிலிருந்து புரிகிறது. பெண்ணைக் காவல் காப்பது சாதியைக் காவல் காப்பதுதான். ஆகவே பாலியலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேசி, சாதிக்குள் நடக்கும் திருமணத்தைக் கேள்வி கேட்காமல் ஆசீர்வதிக்கும் சபை, தெரிந்தோ தெரியாமலோ சாதிக்குக் காவல் நிற்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஓர் இணை. ஒரே சபை, ஒரே ஞாயிறு பள்ளி, சாதி மட்டும் வேறு. ஓலை வாசிக்கக் கேட்டபோது, "முதலில் இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கூட்டி வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இருவருமே வயது வந்தவர்கள். ஒரே சாதி ஜோடிகளிடம் அப்படிக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. கடைசியில் 1954 தனித் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு அலுவலகத்தில் மணந்தார்கள். அன்று அந்தப் பெண், "எங்க கல்யாணத்த சர்க்கார் ஏத்துக்கிச்சு, சாமி வீடு ஏத்துக்கல" என்றாள்.

மறுபடியும் வாசிப்போம்

1981இல் பெங்களூர் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையைத் தலித் இறையியலின் தொடக்கம் என்பார்கள். யார் கண்ணால் பைபிளை வாசிக்கிறோம் என்பதே அது எழுப்பிய கேள்வி. அந்தக் கண்ணால் பார்த்தால் பல பக்கங்கள் மாறித் தெரிகின்றன. மத்தேயு தரும் இயேசுவின் வம்ச வரலாற்றில் மரியாளுக்கு முன் நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி. நம் ஊர்ப் பேச்சில் இவர்களில் ஒருவருக்கும் 'நல்ல பெயர்' கிடைக்காது. விதை நசுங்கியவன் சபைக்கு உட்படக்கூடாது என்று உபாகமம் தடுக்கிறது. அண்ணகருக்கு நிலையான பெயர் தருவதாக ஏசாயா வாக்களிக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய அண்ணகர் வழியோரத்துத் தண்ணீரிலேயே ஞானஸ்நானம் பெறுகிறார். வேதத்துக்குள்ளேயே கதவு திறந்துகொண்டே போகிறது. நம் திருநங்கைத் தோழர்கள் முன் அதை மூடுவது யார்?

'மேற்கத்திய ஒழுக்கக்கேட்டைச் சபைக்குள் கொண்டுவருகிறீர்கள்' என்று நம்மைக் குற்றம் சொல்வார்கள். பழைய ஒழுக்கமும் கப்பலில் வந்ததுதான். சாதி மட்டும்தான் உள்ளூர்ச் சரக்கு. இரண்டும் கைகோத்துக்கொண்டதைத்தான் நாம் 'பாரம்பரியப் போதனை' என்கிறோம். மனிதர் முடிவெடுத்து உருவாக்கியதை மனிதர் முடிவெடுத்து மாற்ற முடியும்.

மாணவர்களிடமும் இளம் தோழர்களிடமும் நாம் கேட்பது பெரிய வேலை அல்ல. உங்கள் சபையில் இருந்து தொடங்குங்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? கடந்த பத்தாண்டில் ஓலை வாசிக்கப்பட்ட திருமணங்களில் எத்தனை சாதி கடந்தவை? திடப்படுத்தல் வகுப்பில் பெண்களின் உடைக்கு எத்தனை மணி நேரம், தீண்டாமைக்கு எத்தனை மணி நேரம்? எழுதி வையுங்கள். அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து வாசியுங்கள்.

கோடை வகுப்பின் கடைசி நாளில் அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் எங்களிடம், "அந்தச் சமாரியப் பொம்பள குடத்தப் போட்டுட்டு ஊருக்குள்ள ஓடுனாளே, ஊர்க்காரங்க அவ பேச்சக் கேட்டாங்களா?" என்று கேட்டாள். கேட்டார்கள். அந்த அதிகாரத்தில் அதுவும் எழுதியிருக்கிறது.

ஜெய் பீம்.