23 பிராங்க் துப்பாக்கி

1873 ஜூலை 10ஆம் தேதி, பிரஸ்ஸல்ஸ் நகரத் துப்பாக்கிக் கடை ஒன்றில் கவிஞர் பால் வெர்லேன் 23 பிராங்க் கொடுத்து ஒரு ரிவால்வர் வாங்கினார். அன்றைக்கே விடுதி அறையில் ஆர்தர் ரைம்போவை நோக்கி இரண்டு முறை சுட்டார். ஒரு குண்டு இடது மணிக்கட்டில் பாய்ந்தது, மற்றது தவறிப்போனது. ரைம்போவுக்கு அப்போது 18 வயசு. வெர்லேனுக்கு இரண்டு வருஷம் சிறை. 2016இல் பாரிஸ் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்தத் துப்பாக்கி 434,500 யூரோவுக்குப் போனது. நம்ம கணக்கில் ஏறக்குறைய இரண்டு மில்லியன் ரிங்கிட்.

இந்த விலையைப் பார்த்த பிறகுதான் நான் ரிவால்வர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அவ்வளவு நல்ல துப்பாக்கியா என்று தெரிந்துகொள்ளும் ஆசை. இல்லை. அது லெஃபோஷே வகை, 7 மில்லிமீட்டர், சட்டைப்பைக்குள் அடங்குவது. இதன் தோட்டாவின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியல் அந்த ஊசியை அடித்தால்தான் உள்ளே மருந்து பற்றும். தோட்டாவைக் கை தவறிக் கீழே போட்டால் ஊசியே வெடிக்க வைத்துவிடலாம். அடிப்பாகத்தின் நடுவில் அடிபட்டு வெடிக்கும் தோட்டாக்கள் பரவியதும் இந்த முறை வழக்கொழிந்தது.

அதே 1873இல்தான் அமெரிக்க ராணுவம் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை எடுத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் தட்டை ஸ்பிரிங்குகள் அவ்வப்போது உடையும். மற்றபடி கெட்டியான சாமான். ஆனால் அந்த வகையில் 2021இல் 6 மில்லியன் டாலருக்கு மேல் போன ஒன்று, கெட்டியாக இருந்ததற்காகப் போகவில்லை. அது பில்லி த கிட்டைக் கொன்ற துப்பாக்கி.

கோல்ட் வாக்கர் கதை இன்னும் வேடிக்கை. 1847இல் சுமார் 1,100 மட்டும் செய்தார்கள். இரண்டு கிலோ கனம். மருந்தை நிறையத் திணித்தால் சிலிண்டரே வெடித்துவிடும். அதனாலேயே மிஞ்சியவை குறைவு, அதனாலேயே விலை அதிகம்: 2018இல் ஒன்று 1.84 மில்லியன் டாலருக்குப் போனது. 1899இலிருந்து 60 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க போலீஸ்காரர்கள் இடுப்பில் கட்டித் தேய்த்தது. உழைப்பில் எனக்குத் தெரிந்து இதுதான் முதல். ஆனால் ஏலக்காரர்கள் யாரும் இதற்காகச் சுத்தியலைத் தூக்குவதில்லை. சிங்கப்பூர் போலீஸின் ஐந்து தோட்டா டாரஸுக்கும் அந்தக் கதிதான்.

சரி, வெர்லேன் அன்றைக்கு ஒரு கோல்ட் வாங்கியிருந்தால்? அதன் குண்டு ஏறக்குறைய 11.5 மில்லிமீட்டர். அது பட்டிருந்தால் ரைம்போவின் கை போயிருக்கும், உயிரே போயிருக்கலாம். 'நரகத்தில் ஒரு பருவம்' அந்த வருஷக் கடைசிக்குள் அச்சேறியிருக்குமா? மட்டமான துப்பாக்கிக்கு நான் நன்றி சொல்ல நினைத்தேன்.

நினைத்தபோதே வான்கோ ஞாபகம் வந்தார். 1960களில் ஓவேர் கிராமத்து வயல் ஒன்றில் ஒரு விவசாயிக்குத் துருப்பிடித்த ரிவால்வர் கிடைத்தது. அதுவும் லெஃபோஷே, அதுவும் 7 மில்லிமீட்டர். வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்ட துப்பாக்கி அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றுதான் ஏல நிறுவனமும் சொன்னது, உறுதியாகச் சொல்லவில்லை. அப்படியும் 2019இல் 162,500 யூரோ கொடுத்து ஒருவர் வாங்கினார். துரு தின்ற அந்த இரும்பால் இனிமேல் யாரையும் சுட முடியாது.

1890 ஜூலை 27 அன்று வான்கோவின் உடம்பில் பாய்ந்த குண்டு வெளியேறவில்லை. அதைச் சுமந்துகொண்டே அவர் விடுதிக்கு நடந்து வந்தார். மறுநாள் தம்பி தியோ வந்து சேர்ந்தபோதும் உயிர் இருந்தது. 29ஆம் தேதி அதிகாலையில்தான் போனது.