மாட்டுங்கா வரை வந்த வின்செஸ்டர்

கிங்ஸ் சர்க்கிளுக்கு அந்த ரைபிள் முதலில் காகிதமாகத்தான் வந்தது. மகேஷ்வரி உத்யான் வட்டத்தை ஒட்டிய நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்களிடம் வேட்டைக்கதை எழுதிய கென்னத் ஆண்டர்சன் அவ்வப்போது கிடைப்பார். அட்டை கிழிந்திருக்கும், உள்ளே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் பரிசு முத்திரை இருக்கும். புத்தகத்துக்குப் புத்தகம் புலி மாறும், சிறுத்தை மாறும், ஊர் மாறும். மாறாமல் வருவது ஒரு .405 வின்செஸ்டர்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிப் பையன் அந்தப் புத்தகங்களோடு வளர்ந்தவன். பையன் என்கிறேனே தவிர, இன்று அவன் நல்ல வரும்படியுள்ள ஆடிட்டர். போன மழைக்காலத்தில் ஒருநாள் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் குடும்பம். தாத்தா காலமாயிட்டார். அவரோட வின்செஸ்டர் கோயம்புத்தூர்ல டீலர்கிட்ட இருக்கு. நானூத்தி அஞ்சு. ஆண்டர்சன் வெச்சிருந்தாரே, அதே மாடல். விக்கறாளாம்."

"வாங்கி?"

"ஒரு ஸ்கோப் போட்டுண்டு, பின்னாடி ரப்பர் வெச்சு, பாலீஷ் பண்ணி..."

லைசென்ஸ் இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொன்னான். ஆடிட்டர்கள் செலவைத்தான் முதலில் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

வாங்கலாமா, வாங்கினால் மாற்றலாமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல, அந்தப் பொருள் எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய வின்செஸ்டர் லிவர் ரைபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ஒன்றன் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் முதுகில் இடித்துக்கொண்டு நிற்கும். மூக்கு கூராக இருந்தால், உதைப்பில் அது முன்னதன் வெடிமுனையைக் குத்திவிடலாம். ஆகவே மொட்டை மூக்குத் தோட்டாதான் அதற்குப் பாதுகாப்பு. புகையில்லா வெடிமருந்து வந்து, கூர்மூக்குத் தோட்டாக்கள் நெடுந்தூரம் பாயத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு பழசாகிப் போனது. யூட்டாவின் ஆக்டன் ஊர்க்காரரான ஜான் மோசஸ் பிரவுனிங் குழாயை எடுத்துவிட்டு, விசைக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்தார். தோட்டாக்கள் அதில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். அதுதான் 1895 மாடல். கனெக்டிகட்டின் நியூ ஹேவன் தொழிற்சாலையில் அது உருவானது. வயிறு முட்டிய மாதிரி அந்தப் பெட்டி கீழே துருத்திக்கொண்டிருப்பதால், மற்ற வின்செஸ்டர்களின் ஒல்லி அழகு இதற்குக் கிடையாது. எனக்கு அந்த வயிறுதான் பிடிக்கும்.

மொத்தம் சுமார் 4,26,000 செய்தார்கள். அதில் சுமார் 2,94,000 வேட்டைக்கே போகவில்லை. முதல் உலகப் போரில் ஆயுதத்துக்குத் தவித்த ஜார் மன்னரின் ரஷ்யா 1915இல் தொடங்கி அவற்றை வாங்கிக்கொண்டது. அவற்றில் சில இருபது ஆண்டு கழித்து ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலும் தலை காட்டின. வேட்டைக்காரர்களின் கைக்கு வந்தது மீதிதான். அந்த மீதியில் பெரிய தோட்டா போடுவது .405. வின்செஸ்டர் 1904இல் கொண்டுவந்த அளவு அது. 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள குண்டு, நொடிக்கு சுமார் 670 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 1909இல் ஆப்பிரிக்கா போன தியோடர் ரூஸ்வெல்ட் இதைக் கொண்டுபோய், சிங்கத்துக்கு இதுவே தக்கது என்று எழுதிவைத்தார். அதற்கு மேல் விளம்பரம் தேவைப்படவில்லை.

இந்தியாவில் அது நுழைந்த கதை வேறு மாதிரி. பிரிட்டிஷ் அரசுக்குப் பட்டாளத்துத் தோட்டா வெளியே போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்குப் பயன்பட்டுவிடும் என்று 1907இல் .450 அளவுக்கே தடை போட்டார்கள். இங்கிலாந்துக் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகள் போட்டு அந்தத் தடையைத் தாண்டின. .303 பட்டாளத்துச் சொத்து என்பதால் சாமானியருக்கு .315 வந்தது. இன்றும் நம் படைக்கலத் தொழிற்சாலைகள் .315 செய்வது அந்தப் பயத்தின் மிச்சம்தான். அமெரிக்காவிலிருந்து வந்த .405 எந்தப் பட்டாளத்துக்கும் சொந்தமில்லாத அளவு. லண்டன் கம்பெனிகளின் இரட்டைக்குழல் ரைபிள் மகாராஜாக்களின் விலை. வின்செஸ்டர் தொழிற்சாலைச் சரக்கு, மாதச் சம்பளக்காரருக்கு எட்டக்கூடியது.

கென்னத் ஆண்டர்சன் மாதச் சம்பளக்காரர்தான். 1910இல் பிறந்து, பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியில் படித்து, விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கன்னடமும் தமிழும் பேசுவார். லீவு கிடைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைய சேலம் மாவட்டத்துக் காட்டுக்குப் போய்விடுவார். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சிவனிப்பள்ளி, பென்னாகரம். இந்த ஊர்களில் பாதியை நான் முதலில் கேள்விப்பட்டதே அவர் மூலமாகத்தான். ஒகேனக்கலுக்குப் போகும் வழியில் உள்ள ஊர் என்று பென்னாகரத்தைத் தெரிந்துகொண்டவர்கள் அதிகம். ஆட்கொல்லிக்குப் பயந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்ட ஊராகத் தெரிந்துகொண்டவர்கள் இந்த ஆங்கிலப் புத்தகங்களின் வாசகர்கள். அவருடைய முதல் புத்தகம் 1954இல் வந்தது. அவருடைய புத்தகங்களில் என்னைக் கவர்ந்தவர்கள் பைராவும் ரங்காவும். பைரா காட்டுவாசி, பூசாரி குலத்தவர். காட்டில் எந்த இலை எதற்குக் கசங்கியது என்று சொல்லத் தெரிந்தவர். ரங்கா பென்னாகரத்துக்காரர், கள்ள வேட்டையும் தெரிந்தவர். அவர்கள் தடம் காட்டாமல் வின்செஸ்டர் ஒரு குண்டும் உருப்படியாகச் சுட்டிருக்காது. புத்தகத்தின் அட்டையில் வருவது புலியும் ரைபிளும்தான்.

பரணில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்து, இருட்டில் ஒரு முறை சுட்டு, கண்ணை எடுக்காமல் லிவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தயார். அதற்குத்தான் இந்த ரைபிள். நெருக்கத்தில், அவசரத்தில், வெறுங்கண்ணால் சுடுவது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் ஸ்கோப் ஆசை எங்கே இடிக்கிறது என்று புரியும்.

பிறகு காலம் மாறியது. ஆண்டர்சனே கடைசி ஆண்டுகளில் கேமராப் பக்கம் திரும்பினார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் அவர் போய்ச் சேர்ந்தார். ஜவளகிரிக் காடெல்லாம் 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். ஊர் ஊராக எஸ்டேட் பங்களாக்களில் வேட்டை ரைபிள்கள் பீரோவுக்குள் போயின. தாத்தாக்கள் வருஷத்துக்கொரு முறை எண்ணெய் போட்டார்கள், லைசென்ஸைப் புதுப்பித்தார்கள், தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார்கள். லைசென்ஸ்காரர் இறந்தால் ஆயுதம் ஸ்டேஷனுக்கோ டீலரிடமோ போய்விட வேண்டும். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கலாம் அல்லது விற்கலாம். குன்னூர்க் குடும்பத்தின் பிள்ளைகள் வெளிநாட்டில். விற்கிறார்கள்.

கோயம்புத்தூருக்கு அவனோடு நானும் போனேன். கோவையின் வெயிலுக்கும் அன்னபூர்ணாவின் காபிக்கும் எப்போதும் தயார்.

டீலர் பச்சைத் துணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். கைபடும் இடமெல்லாம் நீலப் பூச்சு போய் வெள்ளி நிறம் தெரிந்தது. லிவரின் உள்வளைவில் மூன்று விரல் பதியும் இடம் மட்டும் பளபளவென்று. வால்நட் கட்டையின் கழுத்தில் மயிரிழை விரிசல். பக்கவாட்டில் ஒரு திருகாணியின் தலை சிதைந்திருந்தது. யாரோ பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள். லிவரைக் கீழே இறக்கினால் போல்ட் கழுத்தைத் தாண்டி முகம் வரை பின்னால் வருகிறது. டீலர் ஒரு வெள்ளைத் தாளைத் திறந்த வாயில் வைத்து, குழல் முனையிலிருந்து பார்க்கச் சொன்னார். திருகுவரிகள் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் நடுவில் ஓரிடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி அரிப்பு. அந்தக் காலத்து வெடிமுனைகளில் இருந்த உப்பு குழலுக்குள் தங்கி, ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும். நீலகிரி மழைக்காலத்தில் ஏதோ ஒரு ராத்திரி யாரோ களைப்பில் அப்படியே சாய்த்துவைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்.

பையன் பாலீஷைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். டீலர் என்னைப் பார்த்தார், நான் டீலரைப் பார்த்தேன். புதுப் பூச்சுக்கு முன் பழைய இரும்பைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் ஓரங்கள் மழுங்கும், எழுத்துகள் மங்கும், விரல் பதிந்த அந்த வெள்ளி வளைவு காணாமல் போகும். பழைய ரைபிள் வாங்குபவர் அந்த வளைவுக்குத்தான் காசு கொடுக்கிறார்.

ஸ்கோப் இதைவிட மோசம். 1895 மாடல் சுட்ட கூட்டை நேர் மேலே தூக்கி எறியும். மேலே ஸ்கோப்பை வைத்தால் கூடு அதில் போய் முட்டும். பக்கவாட்டில் மாட்ட வேண்டுமானால் உடலில் துளை போட வேண்டும். நூறு வருஷத்து இரும்பில் போட்ட துளையை யாரும் அடைத்து மறைக்க முடியாது. குறி சரியாகத் தெரியவில்லை என்றால், லைமேன் கம்பெனி அந்தக் காலத்திலேயே இதற்கென்று பக்கவாட்டுப் பீப் சைட் செய்தது. அதைத் தேடுவது வேறு, துளைப்பது வேறு. ரப்பர் விஷயத்தில் மட்டும் அவன் பக்கம் நியாயம் இருந்தது. நாலு கிலோ ரைபிளில் இந்தத் தோட்டா, பின்னால் இரும்புத் தகடு, தோள்பட்டை கன்றிப்போகும். ஆனால் அதற்குக் கட்டையை அறுக்க வேண்டாம். மேலே மாட்டிக் கயிறு கட்டும் தோல் உறை போதும்.

குழலையே மாற்றி .30-06 ஆக்கிவிடலாம் என்று இணையத்தில் யாரோ அவனுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். .30-06 தோட்டா நம் நாட்டிலேயே தயாராகிறது என்பது வாதம். வின்செஸ்டரே .30-06 அளவில் 1895 மாடலைச் செய்ததுண்டு. அந்த அழுத்தத்தில் இந்த லிவர் அமைப்பு காலப்போக்கில் தளர்ந்துபோகும் என்ற கெட்ட பெயரும் அமெரிக்காவிலேயே அதற்கு உண்டு. அதற்கு மேல் சட்டம் இருக்கிறது. குழலைக் குட்டையாக்குவதும், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் லைசென்ஸ் இல்லாமல் கூடாது என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. 2019 திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டது. அதாவது இதை எடுத்தால் அவனுக்கு மிச்சம் இன்னொன்றுக்குத்தான் இடம்.

தோட்டாதான் உண்மையான சிக்கல். 1895 மாடல் 1940 வாக்கில் நின்றது, .405 தோட்டாவும் பின்னர் நின்றது. 2000 வாக்கில் வின்செஸ்டர் பெயரில் ஜப்பானில் அந்த ரைபிளை மறுபடி செய்தபோது ஹார்னடி கம்பெனி தோட்டாவுக்கும் உயிர் கொடுத்தது. அதெல்லாம் அமெரிக்கச் சந்தைக்கு. தனி ஆள் துப்பாக்கி இறக்குமதி செய்வது இங்கே 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. இருக்கிற பழைய வெளிநாட்டுச் சரக்குக்கு விலை ஏறியதும் அதனால்தான். தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே அது 5ஆம் பிரிவின் கீழ் லைசென்ஸ் இல்லாத உற்பத்தி. டீலரிடம் ரைபிளோடு வந்த ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே பித்தளையில் பச்சை பூத்த சில தோட்டாக்கள். அவற்றைச் சுடுவதைவிடப் பெட்டியோடு ஒப்படைப்பது நல்லது.

சுடாமல் சுவரில் மாட்டிவைக்கிறேன் என்றான் அவன். பழமையான, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்தை மட்டுமே 45ஆம் பிரிவு சட்டத்துக்கு வெளியே விடுகிறது. இது நன்றாகச் சுடும். லைசென்ஸ் இல்லாமல் சுவரில் மாட்ட வேண்டுமானால் குழலை அடைத்து, போல்ட்டை முடமாக்க வேண்டும். எல்லா மாற்றத்திலும் கேவலமானது அதுதான்.

ரயிலில் திரும்பும்போது என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். மாற்றத்தான் வாங்குவதென்றால் வாங்காதே. மாற்றாமல் வாங்குவதென்றால் தோட்டா இல்லாத ஒரு இயந்திரத்துக்கு லைசென்ஸ், பயிற்சிச் சான்றிதழ், பூட்டிவைக்க இடம், தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷன் என்று அலையத் தயாரா என்று பார். 2024இல் மகாராஷ்டிரத்தில் இரண்டு தேர்தல். சுட வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் வொர்லியில் மகாராஷ்டிரா ரைபிள் அசோசியேஷன் இருக்கிறது, .22 இருக்கிறது.

"ஆண்டர்சன் மட்டும் வெச்சிண்டிருந்தாரே மாமா?"

"அவருக்கு ஜவளகிரி பக்கத்துல இருந்தது. உனக்குக் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன்தான் இருக்கு."

வீட்டில் அவன் மனைவியிடமும் பேசியிருப்பான் போலிருக்கிறது. ஒரு வாரத்தில் .22க்கான விண்ணப்பத்தைப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தான். குன்னூர்க் குடும்பத்துக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ரைபிள் இன்னும் கோயம்புத்தூரில்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம், டீலர் போனில் சொன்னார். ஸ்கோப்பைப் பற்றியோ பாலீஷைப் பற்றியோ அவர் பேசவில்லை. முதலில் கேட்டது, தோட்டா எங்கே கிடைக்கும் என்றுதான்.