கடல் தாண்டிய இருவர்

கடல் தாண்டினால் தோஷம் என்று நம்மவர்கள் பயந்த காலம் அது. 1914 மார்ச் 17-ல் சென்னையில் 'நெவாஸா' கப்பலேறி லண்டன் சென்றார் கணிதமேதை ராமானுஜன். 1920-ல் அவர் காலமானபோது, பிராயச்சித்தம் செய்துகொள்ளாதவர் என்று பந்துக்கள் பலர் ஈமக்கிரியைக்கே வரவில்லை. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

மறு வருஷமே சி.வி.ராமன் கப்பலேறினார். கல்கத்தா பல்கலைக்கழகப் பிரதிநிதியாக ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்குப் போய்விட்டு, 'நார்குண்டா' கப்பலில் திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் அபூர்வ நீலத்தைக் கண்டார். வானத்தின் பிரதிபலிப்பே அந்த நீலம் என்பது ராலே பிரபுவின் கருத்து. ராமன் ஒரு சிறு நிக்கல் பட்டகத்தால் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் கூடியது! தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். இந்த ஆராய்ச்சிதான் 1928 பிப்ரவரி 28-ல் 'ராமன் விளைவு' ஆயிற்று. 1930-ல் நோபல் பரிசும் வந்தது.

1933-ல் பெங்களூர் வந்தவர் 1970-ல் மறையும்வரை இங்கேயே இருந்தார். சடங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். சதாசிவநகரில் அவர் 1948-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அந்த இடத்தில் ஒரு மரம் நட்டிருக்கிறார்கள்.