நிழற்படை முதல் வீரனூர் வரை: தமிழில் சூப்பர் ஹீரோ வளர்ந்த கதை

சிவகாசியில் 1972 ஜனவரியில் அச்சாகி வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழுக்குத் தலைப்பு 'இரும்புக்கை மாயாவி'. வெளியிட்டவர் எம். சௌந்தரபாண்டியன். அரை நூற்றாண்டைத் தாண்டிய பிறகும் தமிழ் காமிக்ஸ் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெயர்தான். ஆனால் அவன் தமிழ்நாட்டில் பிறந்தவன் அல்ல. 1962 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழின் முதல் இதழிலேயே 'தி ஸ்டீல் க்ளா' என்ற தொடரின் நாயகனாக அறிமுகமானவன் லூயிஸ் கிராண்டேல். கதையைத் தொடங்கியவர் ஆங்கில எழுத்தாளர் கென் புல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ.

இங்கிலாந்தில் புறப்பட்ட அந்த நாயகன் சிவகாசி வழியாகத் தமிழ் வாசகனிடம் வந்தான். பிறகு வந்த தமிழ் சூப்பர் ஹீரோக்கள் வேறு வடிவங்களில் திரைக்குப் போனார்கள். இந்தப் பயணத்தில் அவர்களின் உடையையும் சக்தியையும் விட அதிகமாக மாறியது ஒன்று உண்டு: நாயகன் யாருக்காகச் சண்டை போடுகிறான் என்பது.

பிளக் பாயிண்டில் கை வைத்தவன்

கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து அந்த இடத்தில் எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடலில் பாய, ஆள் மறைந்துபோகிறான், எஃகுக் கை மட்டும் மறையவில்லை. அதன் பிறகு மின்சாரம் தாக்கும்போதெல்லாம் இப்படித்தான் ஆகிறது.

ஓவியருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. அறைக்குள் யாருமில்லை, ஆனால் கதவின் பிடியை ஒரு கை திருப்புகிறது. காவலர்கள் திகைத்து நிற்க, அந்தரத்தில் ஒரு கை துப்பாக்கியை நீட்டுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உடம்பை வரையாமல் விட்ட வெற்றிடமே வாசகனின் கண்ணை இழுத்தது. பின்னாளில் அந்தக் கைக்குள் கருவிகளும் ஏறின. ஆள்காட்டி விரல் துப்பாக்கியானது, இன்னொரு விரலிலிருந்து மயக்க வாயு வந்தது, கைக்குள் வானொலிக் கருவியும் இருந்தது.

தொடக்கத்தில் கிராண்டேல் நல்லவன் அல்ல. கிடைத்த சக்தியைக் கொள்ளைக்கும் மிரட்டலுக்கும்தான் பயன்படுத்தினான். பிறகு திருந்தி, 'நிழற்படை' என்ற ரகசிய உளவு அமைப்பின் ஏஜெண்ட் ஆனான். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க சூப்பர் ஹீரோக்களின் பாணியில் உடலை ஒட்டிய உடையும் அவனுக்கு வந்தது. குற்றவாளி, உளவாளி, சூப்பர் ஹீரோ என்று ஒரே பாத்திரம் பத்தாண்டுக்குள் மூன்று நிலைகளைக் கடந்தது.

1984 ஜூலையில் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் அறிமுகப்படுத்திய ஸ்பைடருக்கும் ஏறக்குறைய இதே வரலாறுதான். 1965இல் பிரிட்டனின் 'லயன்' இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையப் பிறந்தவன் ஸ்பைடர். குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆவதே அவன் இலட்சியம். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அந்தத் தொடரை எழுத வந்தார். அவர் கையில் ஸ்பைடர் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறினான். கூர்மையான காதும் கறுத்த உடையும் வலைத் துப்பாக்கியுமாகத் திரிந்த அவனைத் தமிழ்ச் சிறுவர்கள் மாயாவிக்கு அடுத்த இடத்தில் வைத்தார்கள்.

பிரிட்டனில் வாரத்துக்குச் சில பக்கமாகத் துண்டுதுண்டாக வந்த கதையைத் தமிழ் வாசகன் ஒரே புத்தகமாகக் கையில் வாங்கிப் படித்தான். அந்தப் புத்தகத்துக்கு உள்ளூர் ஓவியர்கள் அட்டைப்படம் வரைந்தார்கள். இருந்தாலும் கதை நடந்த ஊர் லண்டனோ நியூயார்க்கோதான். மாயாவிக்கு உத்தரவு கொடுத்தது ஓர் அரசாங்கம் அல்லது அதன் உளவுத்துறை. வாசகனின் தெருவில் நடக்கும் எதுவும் அந்தப் பக்கங்களுக்குள் நுழையவில்லை.

முகமூடி இல்லாத முன்னோடி

சூப்பர் ஹீரோ வருவதற்கு முன்பே தமிழ்த் திரையில் இரட்டை வாழ்க்கை வாழ்ந்த நாயகன் இருந்தான். நாமக்கல் கவிஞரின் நாவலைத் தழுவி 1954இல் வந்த 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆர். ஒரு முகத்தோடு ஊருக்குள் நடமாடி, இன்னொரு முகத்தோடு ஏழைகளைக் காக்கிறார். ஒரே அடியில் பத்துப் பேரைச் சாய்ப்பது, ஆபத்தில் அலறும் குரலுக்கு ஓடி வருவது, ஏழைக்காக அதிகாரத்தை எதிர்ப்பது ஆகிய வேலைகளை நட்சத்திரங்கள் மேலங்கி எதுவும் போர்த்தாமலே செய்து பழகிவிட்டார்கள். இப்படிப் பழகிய ரசிகனிடம் முகமூடி போட்ட ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, இவன் எதில் புதியவன் என்ற கேள்வி எழுவது இயல்பு.

அந்தக் கேள்விக்கு 2009க்குப் பிறகு வந்த படங்கள் ஒவ்வொன்றும் ஒரு விடை சொல்லிப் பார்த்தன.

சுசி கணேசனின் 'கந்தசாமி' (2009) கோயிலுக்குப் போனது. திருப்போரூர் கந்தசாமி கோயிலில் மரத்தில் பக்தர்கள் கட்டும் மனுக்களை எடுத்துப் படித்து, சேவல் வேடத்தில் வந்து குறை தீர்க்கிறார் விக்ரம். முருகனின் கொடியில் இருக்கும் சேவலே இங்கே சூப்பர் ஹீரோவின் சின்னம். எம். ராஜாவின் 'வேலாயுதம்' (2011) பத்திரிகைக்குப் போனது. ஒரு பெண் நிருபர் எழுத்தில் கற்பனையாகப் படைத்த காவலனின் பெயரை, கிராமத்திலிருந்து வந்த பால்காரர் ஒருவர் நிஜமாகச் சுமக்க நேர்கிறது.

மிஷ்கினின் 'முகமூடி' (2012) வேறு வழியில் போனது. ஜீவா நடித்த அந்தப் படம் சூப்பர் ஹீரோ படம் என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்யப்பட்டது. பிறவியிலோ விபத்திலோ வந்த சக்தி எதுவும் நாயகனுக்குக் கிடையாது. குங்ஃபூப் பயிற்சிதான் அவன் பலம். மேலங்கி, முகமூடி, தனி வில்லன் என்று மேற்கத்திய காமிக்ஸின் அமைப்பைக் கட்டுக்கோப்பாகப் பின்பற்றிய முயற்சி அது. ஆனால் நாயகனின் பகையை ஊரின் பகையாக மாற்ற அந்தக் கதையால் முடியவில்லை. எதிர்பார்த்த தொடர்ச்சியும் அதற்கு அமையவில்லை.

பி.எஸ். மித்ரனின் 'ஹீரோ' (2019) தொலைக்காட்சித் தலைமுறையின் படம். சிறுவயதில் சக்திமான் ஆக ஆசைப்பட்டவன் வளர்ந்து போலிச் சான்றிதழ் தயாரிப்பவன் ஆகிறான். பிறகு, மாணவர்களின் கண்டுபிடிப்புத் திறனை நசுக்கும் கல்வி அமைப்பை எதிர்த்து முகமூடி அணிகிறான். தொழிலதிபரும் கல்விக் கொள்ளையும் வில்லன் இடத்துக்கு வந்தது இங்கே முக்கியமான திருப்பம்.

2023: இரண்டு மாதத்தில் இரண்டு நாயகர்கள்

ஏ.ஆர்.கே. சரவன் இயக்கி, ஹிப்ஹாப் தமிழா ஆதி நடித்த 'வீரன்' 2023 ஜூன் 2 அன்று வெளியானது. சிறுவயதில் மின்னல் தாக்கிய குமரனுக்கு மின்சாரத்தை ஆளும் சக்தி வருகிறது. சிங்கப்பூரிலிருந்து சொந்த ஊரான வீரனூருக்குத் திரும்பும் அவன், நிலத்துக்கடியில் லேசர் மின்கேபிள் பதிக்க வரும் நிறுவனத்தை எதிர்க்கிறான். எதிர்ப்பது தன் பெயரில் அல்ல, ஊர்க்காவல் தெய்வமான வீரனின் பெயரில்.

இரும்புக்கை மாயாவிக்கும் இவனுக்கும் சக்தி மின்சாரத்திலிருந்துதான் வருகிறது. மாயாவிக்கு அது சுவரில் இருந்த பிளக் பாயிண்டோடு முடிந்தது. மின்சாரத்தை யார் தயாரிக்கிறார்கள், யார் நிலத்தின் வழியே அது போகிறது என்று 1972இன் கதை கேட்கவில்லை. 2023இன் கதைக்கு அதுவே கரு. எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்டத்து ரசிகனுக்கு இது அந்நியமான கதையல்ல. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள் பெரும் மின்சாரத்தைத் தின்று இரும்பைக் காய்ச்சுகின்றன. அதே வட்டத்தில் தேர்வாய் கண்டிகை மக்கள், மேய்ச்சல் நிலம் சிப்காட் பூங்காவுக்குப் போவதை எதிர்த்துப் போராடினார்கள். படம் அந்த ஊரைப் பற்றியது அல்ல, ஆனால் ஊர் ஒரு பக்கம், திட்டம் ஒரு பக்கம் என்ற அதே நிலைமையில்தான் வீரனூரும் நிற்கிறது.

ஆறு வாரம் கழித்து, ஜூலை 14 அன்று மடோன் அஷ்வினின் 'மாவீரன்' வந்தது. நாயகன் சத்யா (சிவகார்த்திகேயன்) ஒரு நாளிதழில் 'மாவீரன்' என்ற சித்திரத் தொடர் வரைபவன், பயந்த சுபாவம், அவன் உழைப்புக்கான பெயர் வேறொருவருக்குப் போகிறது. குடிசையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வரும் அவன் குடும்பத்தின் மீது சுவர் பெயர்ந்து விழுகிறது, கதவு கழன்று வருகிறது. சென்னையின் நதிக்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக் கூடப்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களின் காலத்தில் வந்த கதை இது. சத்யாவுக்கு வரும் சக்தி ஒரு குரல்தான். அவன் வரையும் காமிக்ஸின் கதைசொல்லி போல விஜய் சேதுபதியின் குரல் அவன் காதில் ஒலித்து, அவனை மாவீரன் என்று அழைத்துச் சண்டைக்குள் தள்ளுகிறது. வில்லன் ஓர் அமைச்சர். அந்த வேடத்தில் நடித்தவர் 'முகமூடி'யை இயக்கிய மிஷ்கின்.

நிழற்படையின் ஏஜெண்ட் அரசுக்காக உழைத்தான். ஐம்பத்தோரு ஆண்டுகள் கழித்து வந்த தமிழ் நாயகன் அமைச்சரின் சட்டையைப் பிடிக்கிறான்.

அனிமேஷன் என்னும் இடைவெளி

'வீரன்' வந்த அதே வாரத்தில் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' என்ற ஹாலிவுட் அனிமேஷன் படம் தமிழ் உட்பட பத்து மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் வரும் இந்திய ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகர், 2004இல் சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் ஆகியோர் உருவாக்கிய காமிக்ஸ் பாத்திரம். பத்தொன்பது ஆண்டு காத்திருந்தாலும், காகிதத்திலிருந்து அனிமேஷனுக்குப் போக அவனுக்கு ஒரு பாதை இருந்தது.

தமிழில் அந்தப் பாதை போடப்படவில்லை. ரஜினிகாந்த் நடித்த 'கோச்சடையான்' (2014) மோஷன் கேப்சர் நுட்பத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தது, ஆனால் அது ராஜா ராணிக் கதை. சின்னத்திரையில் போகோவும் 2007இல் தொடங்கிய சுட்டி டிவியும் தமிழில் பேசவைத்த நாயகர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். 2008இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று படைத்த சோட்டா பீமும் அந்த வரிசையில்தான் வருகிறான்.

முத்து காமிக்ஸ் ஐம்பதாண்டைக் கடந்துவிட்டது. லயன் காமிக்ஸும் 2012இல் புத்துயிர் பெற்று, சென்னைப் புத்தகக் காட்சியில் வாசகர்களைச் சேர்த்து வருகிறது. 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படம் எடுக்கும் விருப்பத்தை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் நெடுநாளாகச் சொல்லி வருகிறார். இவை எல்லாம் நல்ல செய்திகள்தான். ஆனாலும் தமிழ்ப் பத்திரிகையில் பிறந்து, தமிழ் ஓவியர் கையால் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, பிறகு திரைக்கும் அனிமேஷனுக்கும் போன சூப்பர் ஹீரோ ஒருவனும் இன்னும் பெரிய அளவில் நிலைபெறவில்லை. சித்திரக்காரனை நாயகனாக்கிப் படம் எடுத்த தமிழ் சினிமா, ஒரு படத்தின் செலவில் சிறு பங்கைச் சித்திரக்காரர்களுக்குக் கொடுத்து, கதையை முதலில் காமிக்ஸாக வெளியிட்டுப் பார்க்கலாம். ஓவியரின் பெயரை அட்டையிலேயே போட வேண்டும்.