பிளாஸ்மா நிலைகுலைவு: கணினியில் முன்கணிப்பு

பிளாஸ்மா என்பது கடும் சூட்டில் மின்னூட்டம் பெற்ற வாயு. அதைக் காந்தப் புலத்தில் அடைத்து 100 மில்லியன் டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அணுக்கள் இணைந்து ஆற்றல் தரும். அப்போது பிறக்கும் அதிவேக ஆல்ஃபா துகள்களே சூட்டைத் தணியாமல் காக்க வேண்டும். ஆனால், அவை ‘ஆல்வேன்’ அலைகளைத் தூண்டினால், அந்த அலைகளே துகள்களை வெளியே தள்ளிவிடும். சூடு குறையும், உலைச்சுவரும் பழுதாகலாம். அமெரிக்காவின் டிஎஃப்டிஆர் கருவியில் வேகத் துகள்கள் இவ்வலைகளை எழுப்பியதை 1991-இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். எனவே, பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் உலைக்கு இந்த ஆபத்தை சூப்பர் கணினிகளில் முன்கூட்டியே கணிக்கின்றனர்.

பிளாஸ்மாவைக் கணினியில் ஆராய்வது கோலாலம்பூருக்குப் புதிதல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ சிங் 1980-களில் உருவாக்கிய ‘லீ மாதிரி’, ‘பிளாஸ்மா ஃபோகஸ்’ எனும் சிறு கருவியின் இயக்கத்தைக் கணிக்கிறது. இங்கே உலை இல்லாவிட்டாலும், இயற்பியலும் கணிதமும் கற்ற நம் மாணவர்களுக்கு இத்துறையில் இடமுண்டு.