கேல்: மனநோயாளிகளுக்கு வீடு தந்த ஊர்

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் மாகாணத்தில் உள்ள கேல் நகரில் மனநோயாளிகள் பல நூற்றாண்டுகளாக ஊர்க்காரர்களின் வீடுகளில் வாழ்ந்துவருகிறார்கள். இந்த வழக்கம் புனித டிம்ப்னாவின் வணக்கத்தில் பிறந்தது. மரபுக்கதையின்படி டிம்ப்னா 7ஆம் நூற்றாண்டு அயர்லாந்து அரசன் ஒருவனின் மகள். மனைவியை இழந்து சித்தம் கலங்கிய அரசன், தாயின் சாயலில் இருந்த மகளையே மணக்க முனைந்தான். அவள் தன் ஆன்மகுருவோடு கடல் கடந்து கேலுக்குத் தப்பினாள். தேடி வந்த தகப்பன் அங்கேயே அவள் தலையை வெட்டினான். 13ஆம் நூற்றாண்டில் எழுத்தில் ஏறிய இக்கதைக்குச் சரித்திரச் சான்று இல்லை. ஆனாலும், சித்தப்பிரமைக்குப் பலியானவள் அந்த நோயாளிகளுக்காகப் பரிந்து பேசுவாள் என்று மக்கள் நம்பினார்கள்.

1349இல் அவள் பெயரில் ஆலயம் எழும்பத் தொடங்கியது. 1480இல் அதை ஒட்டி நோயாளர் கூடம் கட்டினார்கள். கூட்டி வரப்பட்டவர்கள் அங்கே தங்கி நவநாள் செபத்தை முடிக்க வேண்டும். புனிதையின் திருப்பண்டங்களுக்கு அடியில் தவழ்ந்து செல்வதும் சடங்கில் உண்டு. கூட்டம் பெருகிக் கூடம் கொள்ளாமல் போனதும், குருக்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் இடம் கேட்டார்கள். நவநாள் முடிந்தும் தெளியாதவர்கள் அந்த வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். கேலின் உண்மையான சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது: குணமாகாதவரையும் அந்த ஊர் வெளியே தள்ளவில்லை.

வந்தவர்களை ‘நோயாளி’ என்று சொல்லாமல், வீட்டில் தங்கிச் சாப்பிடுபவர் என்ற பொருளில் அழைத்தார்கள். அவர்கள் குடும்பத்தோடு ஒரே மேசையில் உண்டார்கள், வயலில் உழைத்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். இதில் அன்போடு ஆதாயமும் கலந்திருந்தது. வீட்டுக்காரருக்குப் பணம் கிடைத்தது. ஏழைப் பண்ணைகளுக்கு வேலையாள் கிடைத்தார். முரண்டு பிடித்தவர்களுக்கு விலங்கு மாட்டியதும் உண்டு. 1821இல் பார்வையிட வந்த பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் அதையும் கண்டார்.

அதற்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆலயம் மூடப்பட்டது, வழக்கமோ நிற்கவில்லை. மனநோயாளிகள் பற்றிய 1850ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பொறுப்பு அரசுக்கு மாறியது. 1862இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. புதிதாக வருபவரை மருத்துவர்கள் முதலில் அங்கே கவனித்து, பிறகு பொருத்தமான வீட்டுக்கு அனுப்பினார்கள். 1930களின் இறுதியில் தங்கியிருந்தோர் 3,700ஐத் தாண்டினர். அந்தச் சின்ன ஊருக்கு அது மலைக்க வைக்கும் எண்ணிக்கை.

அதன் பிறகு சரிவுதான். புதிய மருந்துகள் வந்தன, விவசாயம் சுருங்கியது, பகலில் வீட்டில் ஆள் இருப்பது அரிதானது. இன்று தங்கியிருப்போர் சில நூறு பேருக்குள்தான். அவர்களுக்கும் குடும்பங்களுக்கும் துணையாக மனநல மருத்துவமனையின் செவிலியர்கள் வீடு தேடி வருகிறார்கள். நற்பேணல் முறைகளுக்கான தன் பதிவேட்டில் யுனெஸ்கோ 2023இல் இந்த மரபைச் சேர்த்தது.