உப்பில்லாக் கஞ்சி

வைகை எங்கள் ராமநாதபுரம் சீமைக்கு வந்து சேரும்போது பல வருஷம் வெறும் மணல்தான். மதுரையும் சிவகங்கையும் எடுத்தது போக மிச்சம் இருந்தால் எங்களுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் கண்மாயில் பிடித்து வைத்துத்தான் நெல் அறுக்க வேண்டும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாயே ஆனாலும், வானம் பொய்த்தால் ஆடு மேயும் தரைதான்.

கார்த்திகை பிறந்தும் மேகம் கூடாவிட்டால் மழைச்சோறு எடுப்பார்கள். பெண்கள் காரியம் அது. என் அப்பத்தா முன்னால் நிற்கிற ஆள். பானையோடு வீடு வீடாகப் போவார்கள். கம்மங்கஞ்சி, கேப்பைக்கூழ், பழைய சோறு, எது ஊற்றினாலும் சரி, உப்பு மட்டும் கூடாது. குதிர் நிறைய வைத்திருப்பவன் இல்லையென்று சொல்ல முடியாது. அடுப்பே மூட்டாத வீட்டுக்காரியும் கூட நடந்தால் பங்கு உண்டு. மழைக்காக எடுக்கிற சோறு, மழை வருமுன்பே நாலு வயிற்றை நிரப்பிவிடும். இந்த ஏற்பாட்டை யோசித்தவள் கெட்டிக்காரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஊர் எல்லையில் உட்கார்ந்து அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஒப்பாரி வைப்பார்கள். மாரில் அடித்துக்கொண்டு, இழவு வீட்டு ராகத்திலேயே.

"சாமியை இப்படி ஏசலாமா அப்பத்தா?"

"கும்பிட்டுக் கேட்டாச்சு அப்பு. குடுக்க வேண்டியவன் குடுக்கலைன்னா ஏசத்தானே செய்வாக?"

அவளுக்குச் சாமி மழை தருமா என்ற சந்தேகமே இல்லை. ஏன் இத்தனை தாமதம் என்பதுதான் வழக்கு.

ஒப்பாரி முடிந்ததும் பாய், சட்டியைத் தூக்கிக்கொண்டு பரதேசம் போவதாகக் கிளம்புவார்கள். பெரியவர்கள் ஓடிவந்து, "போகாதீக, மழை வரும்" என்று மறித்துத் திருப்பி அழைத்து வருவார்கள். எங்களுக்கு அது வேடிக்கை. ஆனால் தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, யாரும் மறிக்காமல் நிஜமாகவே போனார்கள். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து தோணியேறி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாக. அந்தப் பிரிவைத்தான் எங்கள் பெண்கள் நடித்துக் காட்டினார்கள் என்பது என் ஊகம்.

கொடும்பாவி கட்டி இழுத்ததும் உண்டு. வைக்கோல் பொம்மையைத் தெருத் தெருவாக இழுத்துப்போய்க் கொள்ளி வைப்பார்கள். முஸ்லிம்கள் திடலில் கூடி, மேலாடையைத் திருப்பிப் போட்டு மழைத் தொழுகை தொழுவார்கள். 2019 வறட்சியில் அறநிலையத் துறையே கோயில்களுக்குச் சுற்றறிக்கை விட்டது: மழை யாகம், நாதஸ்வரத்தில் அமிர்தவர்ஷினி. வேத விற்பன்னர்கள் தண்ணீர் அண்டாவுக்குள் உட்கார்ந்து ஜெபித்த படங்கள் பத்திரிகையில் வந்தன. அப்பத்தா பார்த்திருந்தால், அந்தத் தண்ணீர் எங்கே கிடைத்தது என்று முதலில் கேட்டிருப்பாள்.

மழைச்சோறு எங்கள் ஊரில் நின்றுபோயிற்று. குழாயில் காவிரி வருகிறது. பயிர் காய்ந்தால் காப்பீட்டுக்கு மனுப் போடுகிறோம். கண்மாய்க்கரை அய்யனாருக்குப் புரவி எடுப்பு மட்டும் விடாமல் நடக்கிறது. ஊரார் பிடிமண் கொடுத்ததும் வேளார் குதிரை செய்யத் தொடங்குவார். களிமண் அதே கண்மாயிலிருந்துதான். அதை அள்ள இப்போது அதிகாரிகளின் அனுமதி வேண்டும்.